நடுத்துண்டு யாருக்கு?

கேள்வி:

அக்கா, எனக்கு 38 வயது. களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். கணவர் அரசாங்க உத்தியோகம். சீதனமாகக் கிடைத்த என் வீட்டில்தான் இருக்கிறோம். மூத்தவன் ஏ.எல். படிக்கிறான், மகளுக்கு 14, கடைசிப் பையனுக்கு 10. மூத்தவனை ஒப்பரேசன் செய்து எடுத்தபோது எனக்கு இரண்டு பை இரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். அந்தக் கடனைத் தீர்க்கவேண்டும் என்று எப்போதும் மனதில் கிடக்கிறது. 2019இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்று இரத்தம் கொடுக்க ஓடினேன். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, காணாது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னும் அதே கதை. இந்த வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கை ஒட்டி விளையாட்டுக் கழகம் வைத்த முகாமில் மூன்றாம் தரம். என் துளி அந்த நீலத் தண்ணீரில் மிதந்ததை வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். "இரத்தமில்லாத ரீச்சர்" என்று பகிடி வேறு. என் கணவர் நாலு மாதத்துக்கு ஒரு தரம் தவறாமல் கொடுப்பவர். அவர் பக்கத்தில் நிற்கவே வெட்கமாக இருக்கிறது.

சாப்பாட்டில் குறையில்லை அக்கா, கிழமையில் ஐந்து நாள் மீன்தான். அவரும் பையன்களும் சாப்பிட்டு எழும்பிய பிறகு நானும் மகளும் குசினியில் சட்டியோடு இருந்து கதைத்துக் கதைத்துச் சாப்பிடுவோம், எங்களுக்கு அதுதான் சந்தோசம். அவளும் என்னை மாதிரித்தான், காலைக் கூட்டத்தில் இரண்டு தரம் மயங்கி விழுந்துவிட்டாள், வெயில் ஒத்துவராது. அடுத்த முகாமுக்குள் இரத்தம் கூடுவதற்கு என்ன குளிசை குடிக்கலாம்?

பதில்:

தங்கச்சி, உங்கள் வீட்டில் ஒரு சூரை மீன் எத்தனை துண்டாகிறது? அதில் நடுத்துண்டு யாருடைய கோப்பைக்குப் போகிறது? நீங்கள் எழுதவில்லை, நான் சொல்கிறேன். கணவருக்கு இரண்டு, மூத்தவனுக்கு இரண்டு, சின்னவனுக்கு முள் எடுத்து ஒன்று. வாலும் குழம்பும் குசினிக்கு. கிழமையில் ஐந்து நாள் மீன் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு ஐந்து நாளும் மீன் வருவது உண்மைதான். உங்களுக்கும் மகளுக்கும் வருவது மீன் வாசம்.

வைகாசி, ஆனி மாதங்களில் இப்படிக் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கும். ஜூன் 14 உலகக் குருதிக் கொடையாளர் தினம், ஊரெல்லாம் முகாம், திரும்பி வந்தவர்களெல்லாம் ஆறுதல் கேட்டு எழுதுவார்கள். பகிடி பண்ணினவர்களைப் பற்றி நாலு வார்த்தை நான் திட்டவேண்டும் என்று நீங்களும் எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை. பகிடி பண்ணின பொடியன்கள் இன்றைக்கு மறந்திருப்பார்கள். உங்கள் மகள் இரண்டு தரம் நிலத்தில் விழுந்திருக்கிறாள்.

அதை ஒரே வரியில் எழுதி, பழியை வெயிலில் போட்டுவிட்டு, அடுத்த வரியில் உங்கள் குளிசைக்கு வந்துவிட்டீர்கள். அதே வெயிலில், அதே கூட்டத்தில் எத்தனை பிள்ளைகள் நின்றார்கள்? அவர்களுக்கெல்லாம் ஒத்துவந்த வெயில் உங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒத்துவரவில்லை? "அவளும் என்னை மாதிரித்தான்" என்று ஏதோ சாயலைச் சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். மூக்கும் முழியும் உங்களை மாதிரி இருக்கட்டும். 14 வயதுப் பிள்ளை 38 வயதுத் தாயைப்போல வெளிறிக் களைத்து இருக்கிறாள் என்றால், அவளும் அதே சட்டியின் அடியில் சாப்பிடுகிறாள் என்றுதான் நான் முதலில் நினைப்பேன்.

அவளுக்குச் சாமத்தியச் சடங்கு செய்திருப்பீர்கள். மண்டபம் எடுத்து, வீடியோ பிடித்து, மூன்று சாறி மாற்றி. அதற்கு முன்னால் வீட்டில் வைத்துப் பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுத்தங்களி என்று வேளை தவறாமல் கொடுத்தீர்கள்தானே? பெண்பிள்ளைக்கு இரத்தம் போகத் தொடங்குகிற வயதில் உடம்பைத் தேற்றவேண்டும் என்று எங்கள் கிழவிகளுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் வார்த்து முடிந்தவுடன் அந்த அக்கறையும் முடிந்துபோனால் எப்படி? மாதாமாதம் போகிற இரத்தம் சடங்கோடு நின்றுவிடவில்லையே. பிள்ளை பெறும் வயதில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு நாளாந்தம் தேவைப்படும் இரும்புச்சத்து, ஆணுக்குத் தேவையானதைப்போல் இரண்டு மடங்கு. உங்கள் வீட்டில் பங்கு தலைகீழாக நடக்கிறது.

இன்னொன்று. வேறு ஊர்களிலிருந்து இப்படி எழுதும் பெண்கள் மாமியாரைச் சொல்வார்கள், புகுந்த வீட்டு வழக்கம் என்பார்கள். உங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, குடியும் தாய்வழி. உறுதி உங்கள் பெயரில் இருக்கிறது. உங்கள் கணவர்தான் உங்கள் வீட்டுக்கு வந்தவர். அடுப்பும் அகப்பையும் உங்கள் கையில். அப்படி இருந்தும் சொந்த வீட்டில், சொந்தச் சட்டியில், கடைசி ஆளாக நீங்களே உங்களை இருத்திக்கொண்டீர்கள். அதோடு நில்லாமல் துணைக்கு மகளையும் கூப்பிட்டு இருத்தியிருக்கிறீர்கள். கதைத்துக் கதைத்துச் சாப்பிடுவது சந்தோசம்தான், யார் இல்லை என்றது? அதை முன் விறாந்தையில் எல்லோரோடும் இருந்து கதையுங்களேன். இன்னும் கொஞ்சக் காலத்தில் மூத்தவன் இன்னொரு வீட்டுக்கு மருமகனாகப் போவான். அங்கேயும் போய் நடுத்துண்டு வரும் என்று கோப்பைக்கு முன்னால் காத்திருப்பான். அந்த வீட்டுப் பெண் ஒரு நாள் எனக்குக் கடிதம் எழுதுவாள்.

இனி உங்கள் கணவருக்கு. இதை அவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

தம்பி, முன்பின் தெரியாத ஆளுக்காக நாலு மாதத்துக்கு ஒரு தரம் கையை நீட்டுகிற உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு முறை கொடுக்கும்போது 450 மில்லிலீற்றர் அளவில் எடுக்கிறார்கள். அதோடு சுமார் 200 மில்லிகிராம் இரும்பும் உங்கள் உடம்பை விட்டுப் போகிறது. அடுத்த முகாமுக்குள் அது திரும்ப நிரம்புவது சாப்பாட்டால்தான். நீங்கள் கொடுக்கிற பையில் உங்கள் மனுசியின் பங்கு மீனும் மகளின் பங்கு மீனும் இருக்கிறது. அவர்களைக் கேட்டா கொடுக்கிறீர்கள்? முகாமில் மூன்று முறை உங்கள் மனுசியைத் திருப்பி அனுப்பியபோது, "ஏன் இவளுக்கு இரத்தம் காணாது" என்று உங்களுக்கு ஒரு தரமாவது தோன்றவில்லையா? தன் இரத்தத்தின் கணக்கை இவ்வளவு ஒழுங்காக வைத்திருப்பவர் நீங்கள். வீட்டில் வளருகிற பெண்பிள்ளையின் கோப்பை நிரம்பிய பிறகுதான் ஊருக்குக் கொடை என்பது என் கட்சி. பழைய கட்சி என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

சரி தங்கச்சி, உங்களிடம் வருகிறேன். அந்த நீலத் தண்ணீர் செப்புச் சல்பேற்றுக் கரைசல். ஹீமோகுளோபின் போதிய அளவு உள்ள துளி கனத்தால் தாழும், குறைந்த துளி மிதக்கும். குருதி கொடுக்க, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்கு மேல் இருக்கவேண்டும் என்பது இங்கே விதி. அதோடு வயது 18க்கும் 60க்கும் இடையில், எடை 50 கிலோவுக்குக் குறையாமல், முன்பு கொடுத்து நாலு மாதம் கழிந்து. திருப்பி அனுப்பிய மிஸ்ஸி உங்களை அவமானப்படுத்தவில்லை. காசு வாங்காமல் உங்களுக்கு ஒரு வருத்தத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். 2019இல் ஒரு தரம், பிறகு ஒரு தரம், இப்போது ஒரு தரம். முதல் தரம் சொன்னபோது உங்கள் மகளுக்கு எட்டு வயது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், சட்டியைப் பற்றிய இந்தக் கதை அப்போதே வெளியில் வந்திருக்கும்.

குளிசையின் பெயரை நான் எழுதமாட்டேன். கடையில் வாங்கி, முகாம் வரைக்கும் குடித்து, துளி தாழ்ந்ததும் விட்டுவிடுவீர்கள். உடம்பு இரும்பைச் சேமித்து வைக்கும், அறுத்த நெல்லை வீட்டில் போட்டு வைத்துச் செலவழிப்பதுபோல. ஹீமோகுளோபின் குறைகிறது என்றால் மூட்டை எப்போதோ காலி. அதனால்தான் ஹீமோகுளோபின் சரியான பிறகும் இன்னும் மூன்று மாதமளவு குளிசையைத் தொடரச் சொல்வார்கள். அதற்கு முதல் ஏன் குறைந்தது என்று பார்க்கவேண்டும். எல்லாவற்றையும் மீன் துண்டின் தலையில் நானும் போட்டுவிட முடியாது. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது, 35 வயது தாண்டிய பெண்களுக்கு. அங்கே போங்கள். இரத்தம் முழுதாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் மாதவிலக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எத்தனை நாள், எவ்வளவு போகிறது, கட்டியாகப் போகிறதா? வெட்கப்பட வேண்டாம் என்று நான் சொல்லத் தேவையில்லை, மூன்று பிள்ளை பெற்றவர் நீங்கள். ஏழு நாளுக்கு மேல் போனால் கட்டாயம் சொல்லவேண்டும், கர்ப்பப்பையில் கட்டி இருந்தாலும் அப்படிப் போகும். குடலில் இருந்து இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கலாம். தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு இருப்பவர்களுக்கும் இரத்தம் சோகை மாதிரித்தான் தெரியும், அவர்களுக்குக் காரணமில்லாமல் இரும்புக் குளிசை கொடுப்பதில் பயனில்லை. இதையெல்லாம் பார்த்துச் சொல்லவேண்டியது வைத்தியர், நானோ மருந்துக் கடைத் தம்பியோ அல்ல.

சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கிற பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். முருங்கையிலையும் பொன்னாங்காணியும் நல்லதுதான், தேசிக்காய்ப் புளி விட்டால் இன்னும் நல்லது. ஆனால் இலையில் உள்ள இரும்பைவிட மீனிலும் இறைச்சியிலும் ஈரலிலும் உள்ளதுதான் உடம்பில் சுலபமாகச் சேரும். ஆகவே திரும்பவும் அந்தச் சட்டிக்குத்தான் வருகிறோம். சந்தையில் கூட மீன் வாங்கக் காசில்லை என்றால் துண்டைச் சிறிதாக வெட்டுங்கள், ஐந்து கோப்பைக்கும் ஒரே அளவாக.

கடன் என்று எழுதியிருந்தீர்கள். யாருக்குக் கடன்? உங்களுக்கு ஏற்றிய இரண்டு பையையும் கொடுத்தவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் உங்களைத் தெரியாது. எடுத்த இரத்தத்துக்குப் பதில் இரத்தம் கொண்டுவா என்று சொந்தக்காரரைத் தேடி ஓடவைத்த காலம் ஒன்று இருந்தது. 2014 முதல் நாட்டில் சேர்கிற குருதி முழுவதும் தாமாக வந்து கொடுப்பவர்களுடையது. கடன்காரர் யாரும் உங்கள் படலையில் வந்து நிற்கவில்லை. முகாமில் உதவி செய்ய ஆசையென்றால் பெயர் பதிகிற மேசையில் இருங்கள், கொடுத்தவர்களுக்குக் குடிக்கக் கொடுங்கள், ஊசியைக் கண்டு பயப்படுகிற இளம் ஆட்களோடு கதை கொடுங்கள். முன்பள்ளி ரீச்சருக்கு அது கைவந்த வேலை. உங்கள் ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டி, வைத்தியரும் சரியென்றால் பிறகு கொடுக்கலாம். அதற்கு வருடம் போனாலும் போகட்டும்.

முதலில் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், இந்தக் கிழமைக்குள். பள்ளிக்கூடம் ஒரு நாள் விட்டால் குடிமுழுகாது. மயங்கி விழுந்ததை வைத்தியரிடம் சொல்லும்போது வெயில் என்று நீங்கள் முந்திக்கொள்ளாமல், என்ன சாப்பிடுகிறாள் என்று அவளையே சொல்லவிடுங்கள். ரிப்போட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். உங்களுடையது பிறகு வரட்டும், முதலில் அவளுடையது.