ஞாயிறு மதியக் கூட்டத்துக்கு பேஜர் வாங்கலாமா?

கேள்வி: திருச்சியில் 15 டேபிள் உள்ள பிரியாணி ஹோட்டல் நடத்துகிறோம். ஞாயிறு மதியம் வாசலில் கூட்டம் நெரிகிறது. நோட்டில் பெயர் எழுதிக் கூப்பிட்டாலும் ‘நான்தான் முன்னாடி வந்தேன்’ என்று தினுசு தினுசாகத் தகராறு. முறை வந்ததும் கையில் அதிருகிற பேஜர் வாங்கினால் சரியாகுமா? எத்தனை வாங்குவது?

பதில்: வாங்கலாம். ஆனால் பேஜர் வந்துவிட்டதால் ஒரு டேபிள்கூட சீக்கிரம் காலியாகிவிடாது. அதன் வேலை, காத்திருப்பவர்களைச் சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து நகர்த்துவது. நம் ஊர் வழக்கம் தெரியுமே: யார் இலையில் சோறு குறைவாக இருக்கிறது என்று பார்த்து, அந்த நாற்காலியைப் பிடித்தபடி ஒரு குடும்பமே நிற்கும். அப்படி நின்றால் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னொரு ஆம்லெட் சொல்லவோ, பிள்ளைக்கு ஐஸ்கிரீம் கேட்கவோ மனசு வருமா? உங்கள் நஷ்டத்தில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது.

கருவி எளிமையானது. கல்லா பக்கத்தில் எண் பொத்தான்களோடு ஒரு டிரான்ஸ்மிட்டர். 7-ஐ அழுத்தினால் 7-ஆம் எண் பேஜர் மட்டும் அதிர்ந்து மின்னும். ரேடியோ அலையில் ஓடுவதால் சிம், இன்டர்நெட் எதுவும் வேண்டாம்.

எத்தனை வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு போடுவோம். ஒரு டேபிளில் சராசரியாக 45 நிமிடம் உட்காருகிறார்கள் என்று வையுங்கள். 15 டேபிளுக்கு, 3 நிமிடத்துக்கு ஒன்று காலியாகும். வரிசையில் எட்டாவது குடும்பத்துக்கு 24 நிமிடம். பத்தாவதுக்கு அரை மணி. அதற்கு மேல் பசியோடு யாரும் நிற்கமாட்டார்கள், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். ஆக, வரிசைக்கு 10 பேஜர், சார்ஜ் இறங்கினால் மாற்ற இன்னும் இரண்டு, மொத்தம் 12 போதும். பெரிய செட்டை விற்பனையாளர் தள்ளிவிடப் பார்ப்பார், வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் டேபிள்களை கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டு, 45-க்குப் பதில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு இன்னொன்றுக்கும் உதவும். எட்டாவது குடும்பத்திடம் ‘இருபது நிமிஷம்’ என்று சொல்லி 24 நிமிடத்தில் கூப்பிட்டால் முகம் சுளிப்பார்கள். ‘அரை மணி ஆகும்’ என்று சொல்லி அதே 24 நிமிடத்தில் கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள். ‘இதோ அஞ்சே நிமிஷம்’ என்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பேஜரைக் கையில் கொடுத்துவிட்டு அப்படிச் சொன்னால், ஆறாவது நிமிடம் கல்லாவில் வந்து நிற்பார்கள்.

அடுத்தது, எப்போது அழுத்துவது? பலர் டேபிளைத் துடைத்த பிறகு அழுத்துகிறார்கள். அப்புறம் அந்தக் குடும்பம் காரிலிருந்து இறங்கி வர இரண்டு மூன்று நிமிடம் டேபிள் சும்மா கிடக்கும். சாப்பிட்டவர்கள் பில்லுக்குப் பணம் வைத்து, கை கழுவ எழுந்ததுமே அழுத்துங்கள். காத்திருந்தவர்கள் உள்ளே நுழைவதற்குள் கிளீனர் இலை எடுத்துத் துடைத்துவிட வேண்டும். உச்ச நேரத்தில் கூடுதலாக ஒரு கிளீனர் போடாமல் பேஜர் மட்டும் வாங்கினால் பணம் வீண் என்றே சொல்வேன்.

இரண்டு பேருக்கான டேபிளும் ஆறு பேருக்கானதும் வேறு வேறு வரிசை. பின்னால் வந்த ஜோடி முன்னால் போவதைப் பார்த்துத்தான் பாதிச் சண்டை. பேஜரைக் கொடுக்கும்போதே ‘ஆறு பேர் டேபிளில் நீங்கள் மூன்றாவது’ என்று சொல்லிவிடுங்கள். போன் நம்பரையும் எழுதிக்கொண்டால் பேஜரைப் பாக்கெட்டில் போட்டபடியே கிளம்பிவிடுகிறவர்களைப் பிடிக்கலாம்.

வாங்கும்போது இரண்டு விஷயம். பெட்டியில் எழுதியிருக்கும், சிக்னல் எட்டும் தூரம் வெட்டவெளிக் கணக்கு. கான்கிரீட் சுவரும் சமையலறை ஸ்டீலும் அதைக் குறைத்துவிடும். விற்பவரை வரவழைத்து, பேஜரோடு உங்கள் பார்க்கிங் கடைசி மூலையில் நின்று, கல்லாவிலிருந்து அழுத்தச் சொல்லிப் பாருங்கள். இன்னொன்று அலைவரிசை. இந்தியாவில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமமின்றித் திறந்திருப்பவற்றில் 433-434 மெகாஹெர்ட்ஸும் ஒன்று. அமெரிக்கச் சந்தைக்குச் செய்தவை பல 450-470 மெகாஹெர்ட்ஸில் ஓடும். இங்கே அதற்கு உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து தரும் மலிவு செட்டை நம்பாதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு ரேடியோ கருவிகளுக்குத் தரும் இ.டி.ஏ. என்கிற அங்கீகாரச் சான்று உண்டா என்று கேளுங்கள்.

டேபிளில் ஒட்டும் அழைப்புப் பொத்தானையும் கூடவே விற்கப் பார்ப்பார்கள். அழுத்தினால் சப்ளையரின் மணிக்கட்டுக் கடிகாரத்தில் டேபிள் எண் தெரியும். ஏ.சி. ஹால், மாடி அறை என்று பிரிந்த இடத்துக்கு நல்லது. உங்களுக்கு இப்போது வேண்டாம். பொத்தான் இல்லாதபோது சப்ளையர் கவனிக்கவில்லை என்று நினைப்பார்கள். அழுத்தியும் யாரும் வராவிட்டால் வேண்டுமென்றே வரவில்லை என்று நினைப்பார்கள். ஆள் பற்றாத ஞாயிறு மதியத்தில் அது கூடுதல் வம்பு. குழந்தைகள் கையில் கிடைத்தால் கேட்கவே வேண்டாம்.

அதைவிட, சமையலறையிலிருந்து சப்ளையரைக் கூப்பிடும் பேஜரை யோசிக்கலாம். பிரியாணி சற்று நேரம் சூடு தாங்கும். இரவில் பரோட்டா, நெய் ரோஸ்ட் போடுகிறீர்கள் என்றால் நிலைமை வேறு. மாஸ்டர் கரண்டியால் தட்டித் தட்டிக் கூப்பிட்டும் சப்ளையர் காதில் விழாமல், ரோஸ்ட் தட்டிலேயே தொய்ந்துவிடும். அங்கே அந்தந்தச் சப்ளையருக்கு ஒரு அதிர்வு போனால் உடனே எடுத்துப் போவார்.

பேஜர் இல்லாமல் போனிலேயே கூப்பிடலாமே என்றால், கூப்பிடலாம், செலவும் குறைவு. தெரியாத நம்பரைப் பலர் எடுப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஒரு மாதம் அப்படிச் செய்து பாருங்கள். எடுக்காதவர்கள் அதிகம் என்றால் அந்த 12 பேஜரை வாங்குங்கள்.