பீரோ இப்போது யார் அறையில் இருக்கிறது?

கேள்வி: கணவரின் வேலைக்காக இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது (ஊர் பெயரைப் போட வேண்டாம்). இங்கே நிலம் அடிக்கடி ஆடும். நான் பிறந்து வளர்ந்த இடத்தில் நிலநடுக்கம் என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்ததோடு சரி. இப்போது தெருவில் லாரி போனால்கூட நெஞ்சு படபடக்கிறது. எதுவும் ஆடாதபோதும் தரை ஆடுவது போலவே இருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை கட்டி வைத்திருக்கிறேன். லேசாக அதிர்ந்தாலும் அதையும் மகனையும் தூக்கிக்கொண்டு படியில் இறங்கி ஓடிவிடுகிறேன். கணவர் புரண்டு படுத்துத் தூங்குகிறார். கேட்டால், சின்னச் சின்னதாக வந்து போவது நல்லதுதான், பெரியது வராது என்கிறார். என்னால் முடிந்த வரை ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறேன். எங்கள் கட்டிலுக்கு எதிரே இருந்த பெரிய பீரோவைக்கூட மாமியார் அறைக்கு மாற்றிவிட்டேன். அவருக்கு முழங்கால் வலி, அதிகம் நடமாட மாட்டார். இந்த அதிர்ச்சிக்கெல்லாம் அவர் அலட்டிக்கொள்வதே இல்லை. இங்கே இருப்பவர்கள் எப்படித்தான் பழகிக்கொண்டார்களோ! எனக்கும் பழகுமா, இல்லை ஊருக்கே திரும்பிவிடலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: சகோதரி, இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது, ஊர்தான் மாறும். படபடப்பு, தூக்கமின்மை, குறட்டை விடும் கணவர், எல்லாம் எனக்குப் பழக்கம். அதனால் அதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அந்த பீரோவுக்கு வருகிறேன்.

அது ஒரு நாள் உங்கள் மேல் சாயும் என்று பயந்தீர்கள். நியாயமான பயம். உடனே அதை நகர்த்தினீர்கள், அதுவும் நல்லதுதான். ஆனால் எங்கே நகர்த்தினீர்கள்? வீட்டில் நான்கு பேர் இருக்க, அதில் எழுந்து ஓட முடியாத ஒரே ஆள் படுத்திருக்கிற அறைக்கு. அதை ‘ஜாக்கிரதை’ என்ற கணக்கில் சேர்த்து எனக்கே எழுதியும் இருக்கிறீர்கள், கூடவே அவருக்கு முழங்கால் வலி என்பதையும்! யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அது விழும் என்று யோசித்ததால்தானே இடம் மாறியது? யார் மேல் விழும் என்பதை மட்டும்தான் நீங்கள் யோசிக்கவில்லை.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. இருக்கட்டும், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1995 ஜனவரி 17, ஜப்பானின் கோபே நகரம், விடியற்காலை 5.46 மணி. ஊரே தூங்கிக்கொண்டிருந்த நேரம். அந்த நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் இடிந்த வீட்டுக்கும் சாய்ந்த சாமான்களுக்கும் அடியில் நசுங்கியும் மூச்சு முட்டியும்தான். இறந்தவர்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். பழைய மரவீடுகளின் கீழ்த்தளத்தில் படுத்திருந்த முதியவர்கள் பலர் படுத்த இடத்திலேயே போய்விட்டார்கள். பீரோவும் அலமாரியும் அங்கே வெறும் தட்டுமுட்டுச் சாமான் இல்லை. ஆட்டம் பலமாக இருந்தால் அவை சாய்வதோடு நிற்பதில்லை, அறைக்குள் நடந்தே வரும், கதவை அடைத்துக்கொண்டு நிற்கும்.

இப்போது உங்கள் ஓட்டத்தைப் பார்ப்போம். லேசாக அதிர்ந்தவுடன் பையும் பிள்ளையுமாகப் படியிறங்கி ஓடுகிறீர்கள். இதுவும் தப்பு. குலுங்கிக்கொண்டிருக்கும்போது படிக்கட்டில் பிள்ளையோடு உருண்டு விழுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். தப்பித்து வாசலுக்கு வந்தால் மேலேயிருந்து கண்ணாடியும் காரையும் ஓடும் விழுகிற இடம் அதுதான். ஓரளவு ஒழுங்காகக் கட்டிய கட்டடத்துக்குள் இருந்தால் நிலநடுக்கம் வரும் நாடுகளில் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது வேறு: இருக்கிற இடத்திலேயே மண்டியிட்டுக் குனி, பலமான மேசைக்கு அடியில் போ, அதன் காலைப் பிடித்துக்கொள், ஆட்டம் நிற்கும் வரை விடாதே. நிலைப்படியில் போய் நிற்கச் சொன்னது அந்தக் காலத்துப் பேச்சு, இப்போது யாரும் சொல்வதில்லை. படுக்கையில் இருக்கும்போது வந்தால் எழ வேண்டாம், குப்புறப் படுத்து, தலையணையால் தலையையும் பிடரியையும் மூடிக்கொண்டால் போதும். முழங்கால் மடங்காதவர் தரையில் உட்கார முயல வேண்டாம், நாற்காலியிலோ கட்டில் ஓரத்திலோ உட்கார்ந்தபடியே முன்பக்கம் குனிந்து தலையைக் கையால் மூடிக்கொள்ளலாம். நடைவண்டி வைத்திருந்தால் முதலில் அதன் சக்கரத்தைப் பூட்ட வேண்டும். இதை உங்கள் மாமியாருக்கு யாராவது சொல்லியிருக்கிறீர்களா? அவர் அலட்டிக்கொள்வதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அலட்டிக்கொண்டு அவர் என்ன செய்வது, சொல்லுங்கள். மருமகள் பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், மகன் தூங்குகிறான், தான் மட்டும் பீரோவைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதானே?

அப்படியென்றால் மகனை விட்டுவிட்டு மாமியாரைத் தூக்கவா என்று கேட்பீர்கள். இல்லை. யாரையும் தூக்க வேண்டாம். இந்த விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. ஆடும் நேரத்தில் ஒருவரையொருவர் தேடி ஓடுவது பாசம் என்று நம் குடும்பங்களில் நினைக்கிறோம். ஜப்பானின் வடகிழக்கில் சன்ரிக்கு கடற்கரை இருக்கிறது, 1896லும் 1933லும் சுனாமி வந்து ஊர் ஊராக வாரிக்கொண்டு போன இடம். ஒருவரைக் காப்பாற்றப் போய் மொத்தக் குடும்பமும் அழிந்ததைப் பார்த்துப் பார்த்து அந்த மக்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள்: பெரிதாக ஆடினால் யாரும் யாரையும் தேடிப் போகக் கூடாது, அவரவர் இருக்கிற இடத்திலிருந்து நேராக மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். கேட்க இரக்கமில்லாத பேச்சு போல இருக்கும். ஆனால் 2011 மார்ச் 11 அன்று பெரிய நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது அந்தக் கடற்கரையின் கமாய்ஷி நகரத்தில் ஏறக்குறைய 3,000 பள்ளிப் பிள்ளைகள் பிழைத்தது இப்படிப் பழகியதால்தான். பெரிய பிள்ளைகள் வழியில் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே மேடு ஏறினார்கள். அவரவர் ஓடலாம் என்ற துணிச்சல் எப்போது வரும்? மற்றவர்களுக்கும் வழி இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் வரும். ஓட முடியாதவருக்கு என்ன ஏற்பாடு என்பதை அன்றைக்கு யோசிக்க முடியாது. பூமி குலுங்கும் அந்த முப்பது, நாற்பது விநாடியில் உங்கள் மாமியாருக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை, மகனாலும் முடியாது. அவருக்குச் செய்ய வேண்டியதெல்லாம் எதுவும் ஆடாத ஒரு சாதாரண மதியத்தில் செய்ய வேண்டிய வேலை. அதைத்தான் நீங்கள் தலைகீழாகச் செய்து வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். உங்கள் கற்பனையில் எப்போதும் இது இரவில்தான் வருகிறது, எல்லோரும் வீட்டில் இருக்கிறீர்கள். 2011ல் வந்தது பிற்பகல் 2.46க்கு. டோக்கியோவையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து அன்று வீடு திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் சுமார் 51 லட்சம் பேர், ரயிலெல்லாம் நின்றுவிட்டது. அப்படி ஒரு மதியம் உங்களுக்கும் வந்தால் கணவர் அலுவலகத்தில், மகன் பள்ளியில், வீட்டில் இருப்பது நீங்களும் உங்கள் மாமியாரும் மட்டும்தான். அன்றைக்கு உங்கள் பையில் அவருடைய மாத்திரை இருக்குமா? மூக்குக் கண்ணாடி? கைத்தடி? மூன்று பேருக்கு மட்டும் கட்டிய பையாக இருந்தால் இன்றைக்கே அவிழ்த்துக் கட்டுங்கள். பள்ளியில் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்று கேட்டு வையுங்கள். போன் கிடைக்காது, எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், குறுஞ்செய்திதான் நுழைந்து போகும். அதனால் தூரத்து ஊரில் இருக்கும் ஒரு உறவினரைப் பொதுவாக வைத்துக்கொண்டு, எல்லோரும் அவருக்கு ஒரு வரி அனுப்புவது என்று பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் கணவர். சின்னது வந்தால் பெரியது வராது என்கிறாராம். இதை நான் எத்தனை படித்தவர்களிடம் கேட்டிருக்கிறேன் தெரியுமா! அளவுகோலில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்கு, இரண்டு எண் கூடினால் ஏறக்குறைய 1,000 மடங்கு. ஒரு 7 ரிக்டரின் சக்தியைச் சில்லறையாகத் தீர்க்க வேண்டுமென்றால் 5 ரிக்டரில் ஆயிரம் வர வேண்டும். அத்தனை வந்தால் அவருக்குத் தூக்கம் வருமா என்று கேளுங்கள். சில நேரம் சின்னது பெரியதற்கு முன்னோடியாகவே வந்துவிடும். ஜப்பானின் குமமோட்டோவில் 2016 ஏப்ரல் 14 இரவு 6.5 அளவில் ஒன்று வந்தது, அதையே முக்கிய அதிர்வு என்று எண்ணி வீடு திரும்பியவர்கள் இருந்தார்கள். 28 மணி நேரம் கழித்து 16ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 7.3ல் வந்தது. திரும்பிப் போனவர்களில் சிலர் அதில் இறந்தார்கள். எது முன்னோடி, எது கடைசி என்று அந்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது. நாளும் மணியும் குறித்து வரும் வாட்ஸ்அப் ஜோசியத்தையும் இதே காரணத்துக்காக அழித்துவிடுங்கள்.

உங்கள் பயத்தைவிட அவருடைய தூக்கம்தான் எனக்குக் கவலை. சொந்த அம்மாவின் அறைக்கு ஒரு பீரோ போகிறது, அதைத் தூக்க அவரும்தானே ஒரு கை கொடுத்திருப்பார்? ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? வீட்டுக்கு மகனாக இருப்பது என்றால் இதெல்லாம்தான். அதனால் இந்த வேலை அவருடையது, நீங்கள் கூட நின்றால் போதும். பீரோவை உள்சுவரோடு இரும்பு மூலைத்தகடு வைத்துத் திருகாணியால் பிணைக்க வேண்டும், வெறும் காரைப்பூச்சில் இல்லை, உள்ளே பிடிப்பு இருக்கிற இடத்தில். கனமானதெல்லாம் கீழ்த்தட்டுக்கு. மாமியாரின் கட்டிலை ஜன்னல் கண்ணாடியை விட்டுத் தள்ளிப் போட வேண்டும். தலைக்கு மேல் படமோ கடிகாரமோ கூடாது. கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பும் டார்ச்சும். எழுந்தவுடன் உடைந்த கண்ணாடியில் கால் வைத்து அறுத்துக்கொள்பவர்கள் ஏராளம். வாடகை வீடு, சுவரில் துளை போட விடமாட்டார்கள் என்றால் பீரோவின் தலைக்கும் கூரைக்கும் நடுவே இறுக்கி நிறுத்தும் கம்பிகள் கிடைக்கின்றன. அதுவும் முடியாதென்றால் பீரோவை விற்றுவிடுங்கள். துணியைப் பெட்டியில் மடித்து வைத்தால் குடி முழுகிப் போகாது. அப்படியே வீட்டுக்காரரிடம் கட்டடம் எந்த வருடம் கட்டியது, எந்த விதிப்படி கட்டியது என்றும் கேளுங்கள். ஜப்பானில் 1981ல் விதிகளைக் கடுமையாக்கினார்கள், கோபேயில் அதற்குப் பிறகு கட்டியவை பெரும்பாலும் நின்றன, முந்தியவைதான் அதிகம் விழுந்தன. கட்டடம் மோசமென்றால் பீரோவை விடப் பெரிய பேச்சு அது, வீடு மாறுவது பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

சரி, உங்கள் படபடப்பு. ஆடாதபோது ஆடுவதாகத் தோன்றுவது பெரிய நிலநடுக்கங்களுக்குப் பிறகு ஏகப்பட்ட பேருக்கு வருகிற உபத்திரவம். மேசையில் ஒரு தம்ளரில் தண்ணீர் வைத்துப் பாருங்கள். தண்ணீர் அசையவில்லையென்றால் ஆடுவது நீங்கள்தான். வாரக்கணக்கில் தூக்கமே இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் மகன் முன்னால் அலறுவதை நிறுத்துங்கள். அவன் நிலநடுக்கத்துக்குப் பயப்படுகிறானா, உங்கள் முகத்துக்குப் பயப்படுகிறானா என்று எனக்குச் சந்தேகம்தான். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள், மேசைக்கு அடியில் போனதும் “பாட்டி, தலையை மூடிக்கோங்க” என்று கத்துவது அவன் பொறுப்பு. மாதம் ஒரு நாள் எல்லோருமாக ஒத்திகை பாருங்கள், உங்கள் மாமியார் உட்பட.

இங்கே இருப்பவர்கள் எப்படிப் பழகினார்கள் என்று கேட்டீர்கள். சிலர் உங்கள் கணவரைப் போல மரத்துப் போய்விட்டார்கள், அதைப் பழக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். மற்றவர்கள் பயத்தோடுதான் இருக்கிறார்கள், ஆனால் அலமாரியைப் பிணைத்திருக்கிறார்கள், பக்கத்து வீட்டில் யார் நடக்க முடியாதவர் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் வீட்டில் ஒரு வயதானவர் இருப்பது தெரியுமா? தெரியாதென்றால் இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள், நீங்கள் கடைக்குப் போயிருக்கும்போதும் நிலம் ஆடும்.

ஊருக்குத் திரும்புவதா என்பதை என்னைக் கேட்காதீர்கள், கணவரோடு மட்டும் உட்கார்ந்தும் முடிவெடுக்காதீர்கள். உங்கள் மாமியாரையும் கூடத்துக்கு அழைத்து உட்கார வைத்துப் பேசுங்கள். இரண்டு வருடமாக அவரும்தான் இந்த ஆட்டத்தில் படுத்துக்கிடக்கிறார், அவர் என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.