பதில்: 'ஆசியர்' சராசரியை வைத்து முடிவெடுக்காதீர்கள்

இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வான ஜிசிஎஸ்இ-யின் மதிப்பெண் அட்டவணையில் ஆசியர் சராசரி வெள்ளையரைவிட மேலே இருக்கிறதே, அப்படியானால் வறுமைக்குப் பங்கில்லையா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் 'ஆசியர்' என்ற மொத்தக் கணக்கை ஒதுக்குங்கள். அதற்குள் இந்தியர் வெகு உயரத்தில், பாகிஸ்தானியர் அவர்களைவிட நன்றாகவே கீழே. இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளோ பெரும்பாலும் 'மற்ற ஆசியர்' என்ற பொதியில் கரைந்துபோகிறார்கள்.

பிறகு ஒவ்வொரு பிரிவையும் இலவசப் பள்ளி உணவு (குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளுக்குத் தருவது, அதனால் வறுமையின் அளவுகோல்) பெறுவோர், பெறாதோர் என்று உடையுங்கள். இலவச உணவு பெறும் வெள்ளை பிரிட்டிஷ் பிள்ளைகள், அதே உணவு பெறும் வங்கதேசப் பிள்ளைகளைவிடப் பின்தங்குவது அப்போதுதான் தெரியும். ஏறக்குறைய எல்லாப் பிரிவிலும் பெறுவோர் கீழேதான். இடைவெளியின் அகலம்தான் வேறு. வறுமைக்குப் பங்கு நிச்சயம் உண்டு.

ஊரையும் கணக்கில் சேருங்கள், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வங்கதேசத்தவர் டவர் ஹாம்லெட்ஸ் போன்ற லண்டன் பகுதிகளில் திரளாக வாழ்கிறார்கள். லண்டன் பள்ளிகள் 2000-க்குப் பின் வெகுவாக முன்னேறின. 1990-களில் வெள்ளையருக்குப் பின்னால் நின்ற அதே சமூகம் இன்று முன்னால் நிற்கிறது. ஒரு தலைமுறைக்குள் மாறியதை தயவுசெய்து 'இன இயல்பு' என்று எழுதிவிடாதீர்கள்.

2020, 2021 மதிப்பெண்கள் ஆசிரியர் மதிப்பீட்டில் வந்தவை. தேர்வு நடந்த ஆண்டுகளோடு கலந்தால் போக்குக்கோடு பொய் சொல்லும்.