மாட்ரிட்டில் செவ்வாய்க்கிழமை குவெர்னிகா பார்க்க டிக்கெட் வரவில்லையா?

தொடர் விடுமுறையில் மாட்ரிட் போகும் நீங்கள், சனிக்கிழமை பிராடோ அருங்காட்சியகம், கடைசி நாளான செவ்வாயன்று பிக்காசோவின் குவெர்னிகா ஓவியம் என்று திட்டமிட்டு, செவ்வாய்க்கு டிக்கெட் காட்டவில்லை, வங்கி கார்டில் கோளாறோ என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஓவியம் இருக்கும் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. உங்கள் பயணத்தின் கடைசி நாளுக்கு டிக்கெட் காட்டாததற்குக் காரணம் அதுதான். கார்டில் கோளாறு இல்லை.

ஐரோப்பாவில் பல அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடியிருக்கும். அதை நினைத்துத்தான் பிராடோவைச் சனிக்கிழமையும் குவெர்னிகாவைச் செவ்வாயும் வைத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

முதலில் டிக்கெட் பக்கத்தில் தேதியைத் திங்களுக்கு மாற்றிப் பாருங்கள், நேரங்கள் வந்துவிடும். செவ்வாய்க்குப் பிராடோவைத் தள்ளிவிடலாம், அது அன்றும் திறந்திருக்கும். சனிக்கிழமைக் கூட்டத்திலிருந்தும் தப்பலாம்.

குவெர்னிகாவுக்கு அரை மணி நேரம் போதாது. பிக்காசோ 1937இல் வரைந்த அந்த ஓவியம் கிட்டத்தட்ட 8 மீட்டர் அகலம். அவர் போட்ட முன்வரைவுகளும், ஓவியம் வளர வளர புகைப்படக் கலைஞர் டோரா மார் எடுத்த படங்களும் அங்கேயே இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு மறுபடி ஓவியத்தின் முன்னால் வந்து நில்லுங்கள், வேறு மாதிரி தெரியும்.

திங்கள் மாலை 7 முதல் 9 வரை இலவசம்தான், ஆனால் வரிசை நீளும். தொடர் விடுமுறையில் காசு கொடுத்துக் காலையிலேயே போவது நல்லது. அப்புறம், பண்டிகை நாட்களில் நேரம் மாறலாம், அருங்காட்சியகத்தின் தளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.