ஓய்வூதியப் பணத்தை அடுப்பில் போடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 47. தென்னாப்பிரிக்காவின் ஹோவிக்கில் சொந்த வீடு, பாண்ட் (வீட்டுக் கடன்) இன்னும் 9 வருஷம் பாக்கி. மேரிட்ஸ்பர்க்கில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. வரிக்கு முன் சம்பளம் மாதம் 27,000 ராண்ட். வார இறுதியில் பழைய செயின்சாக்களை வாங்கி ரிப்பேர் செய்து விற்கிறேன். போன வருஷம் 7 ரம்பம் வாங்கினேன், எல்லாம் சேர்த்து 3,100 ராண்ட். 5 ஓடியது, ஒவ்வொன்றும் 1,900-க்குப் போனது. ரம்பத்துக்கு 1,450 லாபம். இப்போது ஒரு பண்ணை ஏலத்தில் 11 ரம்பம் மொத்தமாக வருகிறது, 9,000 கேட்கிறார்கள். இன்னொன்று: வீட்டில் பழைய காலத்துத் திறந்த கணப்பு இருக்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் வாட்டில் மரத்தை வெட்டிச் சுத்தம் செய்தால் விறகை சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அப்படியும் இரண்டு ஹீட்டர் ஓடுகிறது. கதவு மூடிய இரும்பு அடுப்பு, புகைக்குழாயோடு சேர்த்து 38,000 ராண்ட் என்கிறார்கள். ஓய்வூதிய நிதியில், வேலையில் இருக்கும்போதே எடுக்க முடிகிற சேமிப்புப் பானையில் 44,000 இருக்கிறது. அதை எடுத்து ஏலத்தையும் அடுப்பையும் முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். "முதலில் யாரையாவது கேளுங்கள்" என்கிறாள் மனைவி.

பதில்: உங்கள் மனைவி சொன்னது சரி. பானையில் கை வைக்க வேண்டாம். அடுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நல்ல யோசனைதான். அதை வாங்கும் பணம் ரம்பத்திலிருந்து வரட்டும், ஓய்வூதியத்திலிருந்து வர வேண்டாம்.

2024 செப்டம்பர் 1-ல், ஓய்வூதியப் பணத்தைச் சேமிப்பு, ஓய்வு என்று பிரித்து வைக்கும் இரண்டு பானை முறை வந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். பலரும் சேமிப்புப் பானையை வங்கிக் கணக்கு மாதிரி நினைக்கிறார்கள். அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு ராண்டும் அந்த வருஷத்துச் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். உங்கள் ஆண்டு வருமானம் 3,24,000; நீங்கள் 26 சதவீதப் படியில் இருக்கிறீர்கள். 44,000 எடுத்தால் 11,440 சார்ஸுக்கு (வருமான வரித் துறைக்கு) போகும். கைக்கு வருவது 32,560, அதிலும் நிதி நிர்வாகத்தின் கட்டணம் கழியும். பழைய வரி பாக்கி ஏதாவது இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். ஆக, பானையைத் துடைத்தெடுத்தாலும் அடுப்புக்கே பணம் பற்றாது, ஏலத்துக்கு எங்கே போவீர்கள்? அதே 44,000 பணவீக்கம் போக ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தால், 65 வயதில் இன்றைய மதிப்பில் ஒரு லட்சத்து ஐயாயிரத்துக்கு மேல் இருக்கும். வேலை போனாலோ, யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தாலோ எடுக்க வேண்டிய பணம் அது.

இப்போது ரம்பத்துக்கு வருவோம். 1,450 லாபம் என்கிறீர்கள். விற்ற விலையில் வாங்கிய விலையை மட்டும் கழித்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஃபோனில் கேட்டபோது மீதியும் வெளியே வந்தது: பிளக், பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் டயாஃப்ரம், இரண்டு செயின், ஒரு கைடு பார் என்று உதிரிபாகம் 2,900; ஓடி அலைந்த பெட்ரோல் 600. விற்று வந்தது 9,500. எல்லாம் போக 2,900 மிச்சம். ரம்பத்துக்கு 6 மணி நேரம் என்று நீங்களே சொன்னீர்கள். ஓடாமல் போன இரண்டுக்கும் சேர்த்து 42 மணி நேரம். மணிக்கு 69 ராண்ட். 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி 28.79 ராண்ட் என்று நிர்ணயித்தார்கள். அதோடு பார்த்தால் உங்கள் சனிக்கிழமை வீணாகவில்லை. ஆனால் ரம்பத்துக்கு 1,450 கிடைக்கவில்லை.

அதே கணக்கை ஏலத்துக்குப் போடுங்கள். 11-ல் 8 ஓடும் என்று வைப்போம், அதுவே தாராளம். வரவு 15,200. போன வருஷ விகிதத்தில் உதிரிபாகம் 4,560, போக்குவரத்து 600. மீதி 10,040. 9,000 கொடுத்து எடுத்தால் 66 மணி நேர வேலைக்கு ஆயிரத்துச் சொச்சம், மணிக்கு 16 ராண்ட். தோட்டக்காரருக்குக் கூட அதைக் கொடுக்கச் சட்டம் விடாது. 5,000-க்கு எடுத்தால் மணிக்கு 76. ஆகவே 5,000-க்கு மேல் கை தூக்காதீர்கள். ஏலக்காரரின் கமிஷனும் அதன் மேல் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் அந்த 5,000-க்குள் அடங்க வேண்டும். ஏலத்துக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விலையை விட முக்கியம், எதற்காகக் கொடுக்கிறோம் என்பது. ஃபிட்டருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் காசுக் கண்ணோடு சொல்கிறேன். முன்னாலேயே போய்ப் பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் முதலில் ரம்பத்தை ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்துத் தூக்குங்கள். கயிறு விட்டு விட்டு, தயங்கித் தயங்கி இறங்கினால் கம்ப்ரெஷன் (என்ஜினுக்குள் அழுத்தம்) இருக்கிறது. சர்ரென்று இறங்கினால் விலையைப் பாதியாக்குங்கள். பிறகு சைலன்சரின் போல்ட்டைக் கழற்றி, டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் சரி. நீளவாக்கில் கீறல் இருந்தால் யாரோ ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள், அல்லது காற்று எங்கோ கசிந்து கலவை மெலிந்திருக்கிறது. சிலிண்டரும் பிஸ்டனும் மாற்றினால் உங்கள் லாபம் அங்கேயே முடிந்தது. மூலையில் இரண்டு வருஷம் பெட்ரோலோடு கிடந்ததால் கார்புரேட்டர் பிசின் பிடித்து நின்றுபோன ரம்பம்தான் உங்களுக்கு வேண்டியது. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் ஒரு டயாஃப்ரம் செட்டிலும் புதுக் குழாயிலும் உயிர் வந்துவிடும்.

11-ல் நான்கு ஹஸ்க்வார்னா 61 என்று ஃபோனில் சொன்னீர்கள். அது நல்ல செய்தி. 61, 268, 272 எல்லாம் ஒரே குடும்பம். பெரும்பாலான பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். நான்கில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றுக்கு அதுவே ஸ்பேர் கடை. பெயர் தெரியாத மலிவு ரம்பங்களுக்குப் பாகம் கிடைக்காது; அவற்றின் மதிப்பைப் பூஜ்யம் என்றே போட்டுக் கணக்குப் பாருங்கள்.

செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் வேலை செய்யாத ரம்பத்தை எந்த விலைக்கும் விற்காதீர்கள். தொழிலாக விற்கும்போது வாடிக்கையாளர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் உத்தரவாதப் பொறுப்பு உங்கள் மேல் இருக்கிறது, பழைய சாமானானாலும். தொடர்ந்து வாங்கி விற்கப் போகிறீர்கள் என்றால் 2009-ஆம் ஆண்டின் பழைய பொருள் சட்டப்படி போலீஸில் வியாபாரியாகப் பதிவு செய்ய வேண்டும், யாரிடம் வாங்கினீர்கள் என்று பதிவேடும் வைக்க வேண்டும். பண்ணைகளில் திருடு போகிற சாமான்களில் செயின்சாவும் ஒன்று. அந்தப் பதிவேடு உங்களைத்தான் காப்பாற்றும்.

சார்ஸையும் சொல்லிவிடுகிறேன். இது பொழுதுபோக்கு என்று வாதாடாதீர்கள்; வாங்கி, சரிசெய்து, லாபத்துக்கு விற்றால் அது தொழில் வருமானம். ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் தற்காலிக வரிப் படிவம் கொடுக்க வேண்டும். பதிலுக்கு உதிரிபாகம், ஏலக் கமிஷன், பெட்ரோல் எல்லாம் கழித்துக்கொள்ளலாம். 7,000 ராண்டுக்குக் குறைந்த கருவியை வாங்கிய வருஷத்திலேயே முழுதாகக் கழிக்கலாம். ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தால் போதும்.

இனி அடுப்பு. இரண்டு ஹீட்டர், ஒவ்வொன்றும் 2,000 வாட், இரவு 5 மணி நேரம்: 20 யூனிட். உங்கள் பில்லில் யூனிட் 3.20 ராண்ட், ஒரு இரவுக்கு 64, குளிர்காலத்தின் 100 இரவுக்கு 6,400. மின்சார நிறுவனமான எஸ்காம் 2023-ல் 18.65 சதவீதம், 2024-ல் 12.74, 2025-ல் 12.7 என்று ஏற்றியதைப் பார்த்தவர்களுக்கு இந்த 6,400 இப்படியே நிற்காது என்று தெரியும்.

காய்ந்த விறகு கிலோவுக்கு சுமார் 4 யூனிட் சூடு தரும். கதவு மூடிய அடுப்பு அதில் 70 சதவீதத்தை அறைக்குள் கொடுக்கும். அதே 20 யூனிட்டுக்கு 7 கிலோ போதும். உங்கள் திறந்த கணப்பு 15 சதவீதம் கொடுத்தாலே பெரிது, மீதி புகைக்கூண்டு வழியாக ஹோவிக் வானத்துக்குப் போகிறது. அதில் 20 யூனிட் எடுக்க 33 கிலோ எரிக்க வேண்டும், குளிர்காலம் முழுக்க மூன்று டன்னுக்கு மேல். விறகு இருந்தும் ஹீட்டர் ஏன் ஓடுகிறது என்பதற்கு இதுதான் பதில். பச்சை விறகு என்றால் இன்னும் மோசம்: பாதி எடை தண்ணீர், கிலோவுக்கு 2 யூனிட் சொச்சம்தான், அதோடு புகைக்குழாயில் தார் மாதிரி கரி படிந்து ஒருநாள் தீப்பிடிக்கும்.

அடுப்பு வந்தால் பக்கிக்கு (பிக்கப் வண்டிக்கு) பெட்ரோல், செயின், ஆயில் எல்லாம் சேர்த்து விறகுச் செலவு வருஷம் 1,400 என்று போட்டிருக்கிறேன். முதல் வருஷம் 5,000 மிச்சம். மின்சாரம் ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறினால் 38,000 திரும்பிவர ஆறு குளிர்காலம் ஆகும். மோசமில்லை. 2024 செப்டம்பரில் பனி கொட்டி வான் ரீனன் கணவாயில் என்3 நெடுஞ்சாலை அடைபட்டு, வண்டிகளில் இரவெல்லாம் விறைத்துக் கிடந்தவர்களைக் கேட்டால், கரண்ட் இல்லாமல் எரிகிற அடுப்புக்கு இன்னும் கூடுதல் விலை சொல்வார்கள்.

ஆனால் முதலில் கூரைக்கடியில் இன்சுலேஷன் இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். இல்லையென்றால் அடுப்புக்கு முந்திய செலவு அதுதான். கதவிடுக்குகளை அடையுங்கள். கணப்பை எரிக்காத நாளில் அதன் வாயைப் பலகையால் மூடுங்கள். உங்கள் ஹீட்டரின் சூட்டை உறிஞ்சுவதே அந்த ஓட்டைதான். இரண்டு ஹீட்டரில் ஒன்று நின்றாலே இந்த வருஷம் 3,200 கையில் நிற்கும். அதையும் ரம்ப லாபத்தையும் பாண்ட் கணக்கில் போடுங்கள். திரும்ப எடுக்கும் வசதி அதில் உண்டா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். உண்டென்றால், பாண்டில் மிச்சமாகும் வட்டி அளவுக்கு எந்தச் சேமிப்புக் கணக்கும் தராது, அப்படி மிச்சமாகும் வட்டிக்கு வரியும் இல்லை. நான்கைந்து குளிர்காலத்தில் அடுப்புக் காசு சேர்ந்துவிடும். கடைக்காரர் தவணை என்று காட்டினால் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

விறகை மட்டும் இப்போதே ஆரம்பிக்கலாம். புனித வெள்ளித் தீமிதி முடிந்த கையோடு நம் ஊர்க்காரர்கள் விறகு தேடி ஓடுகிறார்கள். அப்போது வெட்டுவது அந்த ஆண்டு எரிக்க உதவாது. இந்தக் குளிர்காலத்தில் வெட்டி, பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, கோடை மழை மேலே படாமல் தகரம் போட்டால் அடுத்த மே மாதம் தயார். வாட்டில் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நேட்டாலுக்கு வந்து, பட்டைத் தொழிலைத் தாண்டிக் காடு மேடெல்லாம் படர்ந்த மரம். வெட்டினால் பண்ணைக்காரருக்கும் ஓடைக்கும் நல்லது. அனுமதியை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள், உள்நாட்டு மரத்தில் ரம்பத்தை வைக்காதீர்கள். இயற்கைக் காட்டில் உள்ளதையும் பாதுகாக்கப்பட்ட மரங்களையும் வெட்ட வனச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

அடுப்பு பொருத்தும் நாளில் வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பொருத்தியவரின் சான்றிதழையும் பாலிசியோடு வையுங்கள். ஏல முடிவை அடுத்த மாதம் எழுதுங்கள், 5,000-ஐத் தாண்டினீர்களா என்று உங்கள் மனைவியும் ஒரு வரி சேர்க்கட்டும்.