பதில்: வாப்பாட பழைய சீனட்டி நெல் விதைய யாருக்குக் குடுக்கிற?

தம்பி, சம்மாந்துறையில வாப்பா வச்ச அரைச்சாக்கு சீனட்டிய ஆராய்ச்சிக்குக் குடுத்தா வேற யாரும் உரிமை கொண்டாடிடுவாங்களோ எண்டு பயப்படுறீங்க, நியாயமான பயம்தான், ஆனா அதுக்கு முதல் விதை உயிரோட இருக்கா எண்டு பாருங்க. நூறு மணிய ஈரத்துணில சுத்தி ஒரு கிழமை வைங்க, பாதிக்குக் குறைய முளைச்சா இந்தப் பெரும்போகத்துலயே ஒரு மூலைல விதைச்சிடணும், நம்ம கடற்கரைக் காத்து ஈரத்துக்கு சாக்குல கிடந்தா வீணாப் போயிடும். நிழல்ல நல்லாக் காயவச்சு காத்துப்புகாத போத்தல்ல போட்டு பிரிஜ்ல வைங்க, ஈரம் ஒரு வீதம் குறைஞ்சா விதைட ஆயுள் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கூடும்.

குடுக்கிறதெண்டா பேராதனை கன்னொறுவைல விவசாயத் திணைக்களத்திட தாவர மரபணு வள நிலையம் இருக்கு, உங்கட விவசாயப் போதனாசிரியர் மூலமாக் கேளுங்க. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல 1,30,000க்கு மேல நெல் மாதிரி இருக்கு, அங்க இருந்து விதை வாங்குறவங்க ஒரு பொது ஒப்பந்தத்துக்கு உடன்படணும், வாங்கின விதைய அப்படியே தன்ட சொத்தெண்டு பதிஞ்சு மத்தவங்கள மறிக்க ஏலாது. கன்னொறுவைக்குக் குடுக்கும்போதும் என்ன நிபந்தனை எண்டு எழுத்துல கேட்டு வாங்குங்க.

குடுக்கிறது வீண்போகாது தம்பி, இலங்கைட ரத்து ஹீனட்டி எண்ட பழைய நெல்லுல இருந்த பிபிஎச்3 எண்ட ஜீன்தான் நெல்லுட சாறு உறிஞ்சுற அறக்கொட்டிப் பூச்சியத் தாங்குற எத்தனையோ இனம் உருவாக்க உதவினது. எல்லாத்தையும் குடுக்காம பாதிய வீட்டுல வைங்க, எந்த வட்டைல (வயல்வெளில) விளைஞ்சது, எத்தின மாச நெல்லு, உவர் தாங்குமா எண்டு வாப்பாக்குத் தெரிஞ்சதெல்லாம் எழுதிச் சேத்துக் குடுங்க.