உங்களுக்குச் சொந்தமில்லாத நேரத்தை முதலில் எழுதுங்கள்

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு பிளானர் வாங்குகிறேன், பிப்ரவரிக்குள் எழுதுவது நின்றுவிடுகிறது. காகிதத்தில் எழுதி வைத்தால் இலக்கு நிறைவேறும் என்பது உண்மைதானா? கைப்பேசிச் செயலியே போதாதா?

என் பதில்:

உண்மைதான். ஆனால், கடையில் விற்கும் பிளானர் இலக்கை முதல் பக்கத்திலும் நேரத்தைக் கடைசியிலும் எழுதச் சொல்கிறது. அந்த வரிசையைத் திருப்பிப் போட்ட பிறகுதான் எனக்கு அது பயன்பட்டது. உங்கள் கேள்வியைப் பார்த்தால், நீங்கள் வேலைக்குப் போகிறவர், வீட்டுப் பொறுப்பும் உள்ளவர் என்று தோன்றுகிறது. பிப்ரவரியில் நின்றுபோனதற்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்லப் பலர் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் நான் பதில் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கொருக்குப்பேட்டையில் வசிக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்ததும் திருமணம் ஆகிவிட்டது; முப்பது வயதைத் தாண்டிய பிறகு, வேலைக்குப் போய்க்கொண்டே, தொலைநிலைக் கல்வியில் பி.காம். படித்து முடித்தேன். பட்டச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. அதை வாங்கித் தந்த நீளக் கோட்டு நோட்டுகளும் அதே பீரோவில், அதற்குச் சமமான மரியாதையோடு இருக்கின்றன. ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்றே கருதுகிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஊழியர்களுக்கு ஊக்கம் தருவதற்காக ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1953-ஆம் ஆண்டு மாணவர்களில் 3 சதவீதம் பேர் மட்டுமே தங்கள் இலக்குகளை எழுதி வைத்திருந்தார்கள் என்றும், இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்த 3 சதவீதத்தினரின் சொத்து மற்ற 97 சதவீதத்தினரின் மொத்தச் சொத்தைவிட அதிகமாக இருந்தது என்றும் அவர் சொன்னார். பிறகு அழகாக அச்சிட்ட பிளானர்களை விற்றார், பலர் வாங்கினார்கள். அப்படியோர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் பார்த்தவர்களுக்கு அதற்கான ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. யேல் பல்கலைக்கழகமே அது நடக்கவில்லை என்று தெரிவித்திருக்கிறது. இன்றும் பல பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதை ஓடிக்கொண்டிருப்பதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது. மாதச் சம்பளத்தில் பால் பாக்கியும் பள்ளிக் கட்டணமும் கொடுத்து மீந்ததை எடுத்து அந்தப் பிளானரை வாங்கிய பெண்களை எனக்குத் தெரியும். அது பாதியில் நின்றபோது, 97 சதவீதத்தில் நாமும் ஒருத்திதான் போலிருக்கிறது என்று அவர்கள் நம்பிவிட்டார்கள். ஒரு பொய்யான கதை ஒருவரின் தன்னம்பிக்கையை இப்படிக் குறைப்பது சிறிய விஷயமில்லை.

அந்தப் பிளானரின் தினப் பக்கம் காலை 5 மணியில் தொடங்கியது. 5 முதல் 6 வரை 'உங்களுக்கான நேரம்' என்று அச்சிட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் அந்த ஒரு மணி நேரம் தண்ணீருக்கானது. குடங்களை நிரப்பி, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினால், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கலாம். சரக்கு ரயில் நின்றுவிட்டால் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இவையெல்லாம் அந்தப் பக்கத்தை வரைந்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் எழுதுகிற நமக்குத் தெரியுமல்லவா? அதனால் அச்சிட்ட பிளானரை வாங்காமல், சாதாரண நோட்டில் நானே கோடு போட்டேன். முதலில் கறுப்பு மையில், எனக்குச் சொந்தமில்லாத நேரத்தை மட்டும் எழுதினேன்.

என் தொழிலில் அது தெளிவாகவே தெரியும். ஜிஎஸ்டி வரிக் கணக்கை மாதாமாதம் தாக்கல் செய்யும் கடைகளுக்கு, விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11-ஆம் தேதியும், வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20-ஆம் தேதியும் கெடு. அந்த இரண்டு தேதிகளுக்கும் முந்தைய நாட்களில் பில்களைச் சரிபார்த்து முடிக்காமல் வீடு திரும்ப முடியாது. ரம்ஜானுக்கு முந்தைய வாரங்கள், ஆடித் தள்ளுபடி, தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதம், பொங்கல் வாரம் எல்லாமே எம்.சி. ரோட்டில் கால் வைக்க இடமில்லாத காலங்கள். இவற்றையெல்லாம் கறுப்பு மையில் அடைத்துவிட்டுப் பார்த்தால், ஓர் ஆண்டில் படிப்புக்கென்று மீதமிருந்தது எவ்வளவு குறைவு என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. அது எனக்குச் சோர்வைத் தரவில்லை. அதுவரை எனக்கு நேரம் ஏராளமாக இருக்கிறது, நான்தான் வீணடிக்கிறேன் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது உண்மை இல்லை என்பதற்கு என் கையெழுத்திலேயே சான்று கிடைத்தது.

மீதமிருந்த இடங்களில்தான் நீல மையில் படிப்பை எழுதினேன். 'கணக்கியல் படிக்க வேண்டும்' என்று ஒருநாளும் எழுதியதில்லை. 'புதன், இரவு 9.30, பாத்திரம் கழுவி முடித்ததும், சமையலறையில்: தேய்மானம், குறைந்து செல் மதிப்பு முறை, 4 முதல் 7 வரையிலான கணக்குகள்' என்பது போலவே எழுதுவேன். எந்த நாள், எதை முடித்த பின், எந்த இடத்தில், எத்தனை கணக்கு என்ற நான்கும் இல்லாமல் ஒரு வரியும் நோட்டில் ஏறக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். இதற்கு உண்மையான ஆய்வுப் பின்புலம் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர், வெரோனிகா பிராண்ட்ஷ்டெட்டருடன் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லப்பட்டது. எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப் போகிறோம் என்பதை முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் குறித்த காலத்துக்குள் முடித்தார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள். இரு தரப்பினருக்கும் ஒரே இலக்குதான். நேரமும் இடமும் குறிக்கப்பட்டதுதான் வேறுபாடு.

அடுத்ததாக, வலப்பக்கம். நோட்டின் இடப்பக்கத்தில் நினைத்ததையும் வலப்பக்கத்தில் நடந்ததையும் எழுதுவேன். பெரம்பூரில் 1709-இல் பிறந்து, பின்னாளில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இன்றும் வரலாற்றுச் சான்றாகப் படிக்கப்படுகிறது. நம் வடசென்னையில் பிறந்தவர் என்பதால் அவரைக் குறிப்பிடுவதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. அன்றன்று நடந்தது அன்றன்றே எழுதப்பட்டால்தான் பின்னால் அதை நம்ப முடியும். பிளானர் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். வலப்பக்கம் இல்லாவிட்டால், நாம் ஒரு வேலைக்கு ஒதுக்கும் நேரம் போதுமா என்பது நமக்குத் தெரியவே தெரியாது. 1994-இல் பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், பட்ட ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாட்கள் ஆகும் என்று மாணவர்கள் கணித்தார்கள், ஆனது 55.5 நாட்கள். படித்த, அனுபவமுள்ள பிள்ளைகளுக்கே கணிப்பு அவ்வளவு தவறுகிறது. என் நோட்டிலும், ஒரு மணி நேரம் என்று இடப்பக்கத்தில் எழுதிய கூட்டாண்மைக் கணக்கு வலப்பக்கத்தில் ஒன்றே முக்கால் மணி நேரமாகவே தொடர்ந்து வந்தது. சில வாரங்களில் நான் இடப்பக்கத்திலேயே ஒன்றே முக்கால் என்று எழுதத் தொடங்கினேன். அதன் பிறகு வாரத் திட்டம் உடைவது பெரிதும் குறைந்தது.

முடியாமல் போனதை என்ன செய்வது என்பதுதான் பிப்ரவரியில் எல்லோரையும் நிறுத்திவிடும் இடம். பேரேட்டில் ஒரு பக்கம் நிரம்பினால் அதன் இருப்பை அடுத்த பக்கத்தின் முதல் வரிக்கு எடுத்து எழுதுவது போல, முடியாததை ஞாயிற்றுக்கிழமை அடுத்த வாரத்துக்குக் கையால் எடுத்து எழுதினேன். செயலிகள் இதைத் தாமாகவே செய்துவிடும் என்பார்கள். தாமாகச் செய்வதால்தான் அது நம் கண்ணில் படாமல் போகிறது. கையால் எழுதும்போது, ஒரே வரியை மூன்றாவது வாரமும் எழுதுகிறோம் என்பது கைக்குத் தெரிந்துவிடும். எனக்குப் 'புதிய கூட்டாளி சேர்ப்பு' என்ற பாடம் அப்படி வாரம் வாரமாக நகர்ந்துகொண்டே வந்தது. ஏன் நகர்கிறது என்று யோசித்தபோதுதான், நேரக் குறைவு காரணமில்லை என்பதும், அதில் வரும் நற்பெயர் மதிப்பீடு (ஒரு தொழிலின் நல்ல பெயருக்குப் பண மதிப்புப் போடுவது) எனக்குப் புரியவில்லை, அதனால் நோட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வேறு பாடத்துக்குப் போய்விடுகிறேன் என்பதும் விளங்கின. எங்கள் கடைக்கு வரும் ஆடிட்டர் அலுவலக உதவியாளரிடம், "அண்ணா, இதை மட்டும் ஒரு தடவை சொல்லிக் கொடுங்க" என்று கேட்டேன். அவர் மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில், ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில், அரை மணி நேரத்தில் விளக்கிவிட்டார். அந்த வாரமே பாடம் முடிந்தது. அன்று அந்த வரியை நான்காவது முறை எழுத வேண்டி வராமல் இருந்திருந்தால், தேர்வு அறையில்தான் எனக்கு அது தெரிந்திருக்கும்.

கைப்பேசி போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தனிக் கைப்பேசியும் தனி அறையும் உள்ளவர்களுக்குப் போதுமாக இருக்கலாம். அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. எங்கள் வீட்டில் மாலையில் என் கைப்பேசி மகனின் பள்ளிப் பாடத்துக்குப் போய்விடும். கடையில் பில் போடும் நேரத்தில் அதை எடுக்கக் கூடாது என்பது முதலாளியின் விதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதியில் மின்சாரமும் இல்லை, கைப்பேசிக்குச் சார்ஜும் இல்லை. காகிதம் நனைந்தால் போயிற்றே என்று யாராவது கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நோட்டைப் பாலித்தீன் பையில் சுற்றிப் பரண்மேல் வைத்தோம், அது பத்திரமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்வார்கள்: எழுதிவிட்டால் மட்டும் நேரம் வந்து குதித்துவிடுமா, ஏழைகள் படிக்காததற்கு நோட்டு வாங்காததா காரணம் என்று. நான் அப்படிச் சொல்லவில்லை. வீட்டில் ஒத்துழைப்பு இல்லாதவருக்கு எந்த நோட்டும் பட்டம் வாங்கித் தராது. ஆனால் அந்த ஒத்துழைப்பைக் கேட்பதற்கும் நோட்டு உதவியது. துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் என் கணவருக்கு, கறுப்பு மை அடைத்த அந்த வாரப் பக்கத்தை ஒருநாள் காட்டினேன். நேரமில்லை, நேரமில்லை என்று நான் வாயால் சொன்ன காலத்தில் அது தினசரிப் புலம்பலாகவே அவர் காதில் விழுந்தது. பக்கத்தைப் பார்த்தவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் மதியச் சமையலை அவர் எடுத்துக்கொண்டார். என் மாமியாரும், "நீ உக்காந்து எழுதும்மா, நான் பாத்துக்கறேன்" என்று பேரனைத் தெருமுனைக் கோயிலுக்கு அழைத்துச் செல்ல ஆரம்பித்தார். புள்ளியியலில் நான் தேறியது முழுவதும் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியங்களில்தான்.

ஆடி முதல் தீபாவளி வரை என் நோட்டில் நீல மை இருக்காது. அந்தப் பக்கங்களில் 'கடைக் காலம்' என்று எழுதிக் குறுக்குக் கோடு போட்டுவிடுவேன். தேதி அச்சிட்ட பிளானரில் எழுதாமல் விட்ட பக்கங்கள் நம்மைக் குற்றம் சாட்டுவது போலக் கிடக்கும். பலர் பிப்ரவரிக்குப் பிறகு அதைத் திறக்கவே கூசுவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே தேதி இல்லாத நோட்டையே வாங்குங்கள். பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மை மறுபக்கம் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் தடித்த தாளில், 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அல்லது அதற்கு மேல், கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் எழுதப் போகிறீர்கள் என்பதால் தாளின் தரத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

ஒரே நேரத்தில் எத்தனை இலக்குகள் என்று அடுத்துக் கேட்பீர்கள். வேலைக்குப் போகிற ஒருவருக்கு ஒன்று போதும் என்பேன். படிப்பு முடியும் வரை, அடகில் இருந்த என் நகைகளுக்கு வட்டி கட்டும் தேதியை மட்டுமே கறுப்பு மையில் குறித்து வந்தேன். மீட்கும் திட்டத்தைப் பட்டம் வந்த பிறகுதான் நீல மையில் தொடங்கினேன். அது இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் வேலை நேரம் என்ன, ஷிப்ட் மாறுமா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கீழே எழுதினால், உங்கள் முதல் வாரப் பக்கத்தில் எதையெல்லாம் கறுப்பு மையில் அடைக்க வேண்டும் என்று நான் வரைந்து காட்டுகிறேன். 20-ஆம் தேதி தாண்டிய பிறகு கேளுங்கள். அப்போதுதான் உட்கார்ந்து பதில் எழுத முடியும்.